செட்டிநாட்டு வெயிலில் 21 கிலோமீட்டர்: நல்ல காரியத்துக்காக அரை மராத்தான் ஓட முழு வழிகாட்டி

அரை மராத்தான் என்றால் 21.1 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்புகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. மார்கழி, தையில் ஓடினால் சுகமாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் வெளியூர்ச் சொந்தபந்தம் ஊருக்கு வந்து சேர்வது பள்ளி விடுமுறையில்தான். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறப்பதும், நல்ல காரியம் என்றதும் கொடுக்க ஆள் இருப்பதும் அப்போதுதான். அதனால் நன்கொடைக்காக ஓடுகிறவர்கள் வெயில் காலத்தில் ஓட வேண்டி வருகிறது. ஓடலாம். அதற்கு ஏற்பாடு வேறு மாதிரி இருக்க வேண்டும்.

இப்போதைக்கு 5 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாகவாவது முடிக்க முடிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நகரங்களில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்து ஓடுபவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும். ஆனால் என் மனதில் இருப்பது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சொந்த ஊர்த் தெருக்களில், தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு ஓடுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம்

நன்கொடையை ஓடி முடிப்பதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

வெயிலில் ஓடும்போது ஆளைக் காப்பாற்றுவது, சரியான நேரத்தில் நிற்கும் புத்தி. தனக்காக ஓடுகிறவன் தலை சுற்றினால் நின்றுவிடுவான். ஊரே பணம் கட்டியிருக்கிறது, பள்ளிக்கூடம் காத்திருக்கிறது, சிங்கப்பூரில் இருந்து பெரியப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவன் நிற்க மாட்டான். ‘இன்னும் 3 கிலோமீட்டர்தானே’ என்று இழுத்துக்கொண்டு போவான். வெப்பத் தாக்கு விழுவது பெரும்பாலும் இந்த இழுத்துக்கொண்டு போகும் நேரத்தில்தான். ஒரு கிலோமீட்டருக்கு 100 ரூபாய், முடித்தால் மொத்தமாக இவ்வளவு என்று பந்தயம் மாதிரி கேட்பது கேட்க நன்றாக இருக்கும். வெயில் காலத்தில் அது வேண்டவே வேண்டாம்.

பணம் கேட்டு அனுப்பும் முதல் செய்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். இப்படி இருக்கலாம்: “பெரியப்பா, ஏப்ரல் கடைசி ஞாயிறு நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காக 21 கிலோமீட்டர் ஓடுறேன். நீங்க கொடுக்கிறது நேரா டிரஸ்ட் கணக்குக்குப் போயிடும். நான் ஓடி முடிச்சாலும் சரி, வெயில் தாங்காம பாதியில நின்னாலும் சரி, பணம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.” ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வசூலை முடித்துவிடுவது இன்னும் நல்லது. அன்றைக்குக் காலையில் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு ஒழுங்கான வழி

இந்த மண்ணில் கொடுப்பது புதிதில்லை. வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தவர்கள், குடும்பக் கணக்கில் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டியவர்கள், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. வள்ளல் அழகப்பர் 1947-ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்; அவர் உண்டாக்கிய கல்வி நிறுவனங்களிலிருந்து வளர்ந்து இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. அவர்கள் எல்லோரும் கணக்கு எழுதினார்கள். நாமும் எழுத வேண்டும்.

காரியம் ஒன்றே ஒன்றாக, கண்ணுக்குத் தெரிகிறதாக இருக்கட்டும். ‘கல்விக்காக’ என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை, தண்ணீர்க் குழாயோடு’ என்று கேட்டால் எவ்வளவு குறைகிறது என்று திருப்பிக் கேட்பார்கள். அரசுப் பள்ளி என்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தின் வழியே கொடுக்கலாம். ஊருணி தூர்வார நினைத்தால் முதலில் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ பேசி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது நீர்நிலையில் பொக்லைனை இறக்கிவிட்டு அப்புறம் கேட்கக் கூடாது.

உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வர வேண்டாம். பதிவு செய்த அறக்கட்டளை ஒன்றைப் பிடித்து, அதன் கியூஆர் கோடை மட்டும் அனுப்புங்கள். கொடுப்பவருக்கு வரிச்சலுகை வேண்டும் என்றால் அறக்கட்டளைக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்லும் பதிவு இருக்க வேண்டும். அந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனமாக இருங்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அமெரிக்காவிலோ சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டவர். அவரிடம் வாங்க அறக்கட்டளைக்கு அந்தச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். ‘அண்ணன் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், அங்கேயிருந்து மாற்றிக்கோ’ என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்தக் குறுக்குவழியில் மாட்டிக்கொள்வது அறக்கட்டளை. பதிவு இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

டி-ஷர்ட், மெடல், பேனர் செலவு நன்கொடைப் பணத்தில் வரக் கூடாது. ஓடுகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மெடலே வேண்டாம், அந்தக் காசுக்கு ஐஸ் வாங்கலாம்.

தேதியும் நேரமும்

கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4-ல் தொடங்கி 28 வரை போகும். அந்த நாட்களைத் தொடாதீர்கள். எனக்குப் பிடித்த கணக்கு: பொங்கல் முடிந்த வாரம் பயிற்சியைத் தொடங்கி 14 வாரம், சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிறு ஓட்டம். அடித்தளம் போடும் வாரங்கள் தை, மாசிக் குளிர்ச்சியில் போய்விடும். வெயில் ஏற ஏற உடம்பும் கூடவே பழகும். ஏப்ரல் கடைசியில் பள்ளித் தேர்வுகள் முடிந்து ஊரும் நிறைந்திருக்கும்.

அந்த நாட்களில் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். ஏழரைக்கு வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கிவிடும். ஆக நாலரைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் முடிப்பவர் ஏழுக்கு வந்துவிடுவார். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஏழே முக்காலுக்கு ஓட்டம் முடிந்தது, எங்கே இருந்தாலும் வண்டியில் ஏற வேண்டும் என்று முன்பே எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

‘சாயங்காலம் வைத்தால் என்ன?’ என்று கேட்பார்கள். நாள் முழுக்கக் காய்ந்த தார்ச் சாலையும் சுவரும் இரவு வரை அனலைத் திருப்பி விடும். விடியற்காலைதான் தரை ஆறியிருக்கும் நேரம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான். 26, 27 டிகிரிதானே என்று நினைத்து வேகமாகக் கிளம்பினால் நாலாவது கிலோமீட்டரில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்து நிற்கும்.

ஏன் அப்படி? 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்கு அசைவாக மாறாமல் சூடாக உடம்புக்குள்ளேயே தங்குகிறது. 21 கிலோமீட்டருக்கு 900 கலோரிக்கு மேல் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரியை வெளியே கொண்டுபோகும். முழுவதும் ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு குளிராது, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். புழுக்கமான காலையில் நடப்பது அதுதான்.

வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி என்ற குறியீடு இருக்கிறது. அளக்கும் சின்னக் கருவி கிடைத்தால் ஓட்டத்தன்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்டதூர ஓட்டங்களில் அது 28 டிகிரியைத் தாண்டினால் ஒத்திவைப்பது பல அமைப்பாளர்களின் வழக்கம். கருவி இல்லையென்றால், நாலு மணிக்கு வாசலில் சும்மா நிற்கும்போதே கழுத்து பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். காற்றே இல்லாமல் அப்படி இருந்தால் அன்றைக்கு 10 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். பணம்தான் வந்துவிட்டதே.

யார் ஓடலாம், யார் வேண்டாம்

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால் அவர்களும், பயிற்சி தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துப்போய்க் காட்டி, ‘வெயிலில் நீண்ட நேரம் ஓடப் போகிறேன்’ என்று சொல்லுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர், சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் உடம்பு சூட்டைச் சமாளிப்பதைக் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஓட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் அன்று நீங்கள் தண்ணீர் கொடுக்கும் ஆள்.

பதினான்கு வாரப் பயிற்சி

வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் சின்ன ஓட்டம், 4-லிருந்து 7 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் ஓய்வு. முடிந்தால் ஒருநாள் தொடைக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி.

ஞாயிறு ஓட்டம் இப்படி ஏறட்டும்: முதல் நான்கு வாரம் 6, 7, 8, 6. அடுத்து 9, 10, 12, 9. பிறகு 13, 14, 16. பன்னிரண்டாவது வாரம் 18. பதின்மூன்றில் 10 ஆகக் குறைத்து, பதினான்காம் வார முடிவில் ஓட்டம். நாலாவதும் எட்டாவதும் குறைவது கால் எலும்புக்கும் தசைநாருக்கும் ஆறுதல் கொடுக்க. அந்த வாரங்களில் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கூட்டாதீர்கள். பயிற்சியில் 21-ஐத் தொட வேண்டியதில்லை. 18 ஓடியவர் 21-ஐ முடித்துவிடுவார்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. கூட ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதலிலிருந்தே மாற்றி மாற்றிப் போவது வெயில் காலத்துக்கு மிகவும் பொருத்தமானது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு. இரண்டாவதில் உடம்புச் சூடு ஏறுவது மெதுவாகும்.

தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடிப் பக்கம் பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விடியலுக்கு முன் கிளம்பி, உச்சி வெயிலில் தங்கி, சாய்ந்த பிறகு மறுபடி நடப்பார்கள். முதல் நாளே வேகம் காட்டுகிறவர் யாரும் இருக்க மாட்டார். பல நாள் நடந்து போய்ச் சேர வேண்டியவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வெயிலுக்கு உடம்பைப் பழக்குவது

வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். இந்த நாட்களில் உள்ளே நிஜமாகவே மாற்றம் நடக்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்குகிறது.

கடைசி மூன்று வாரத்தில் சில சின்ன ஓட்டங்களை மட்டும் காலை ஏழரை, எட்டு மணி வெயிலுக்கு மாற்றுங்கள். முதல் நாள் 20 நிமிடம், மெதுவாக. பிறகு ஓட்டத்துக்கு ஓட்டம் ஐந்து நிமிடம் கூட்டி, 45 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தை வெயிலுக்குத் தள்ள வேண்டாம்.

பெங்களூரிலோ ஏசி அலுவலகத்திலோ இருந்துகொண்டு, வெள்ளி இரவு ரயில் ஏறி ஞாயிறு ஓட வரும் தம்பி தங்கைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்பே வர முடியாதென்றால் 5 கிலோமீட்டர் ஓடட்டும், மீதி நேரம் சைக்கிளில் கூட வரட்டும். பழகிய உடம்பும் இரண்டு மூன்று வாரம் வெயிலை விட்டு விலகினால் பழக்கத்தை இழந்துவிடும்.

தண்ணீரும் உப்பும்

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அளவை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, இடையில் 300 மில்லி குடித்திருந்தால், ஒரு மணி நேர வியர்வை 1.3 லிட்டர். அதை முழுவதும் ஈடுகட்ட நினைக்காதீர்கள், வயிறு தாங்காது. மணிக்கு 400-லிருந்து 800 மில்லிக்குள், தாகத்துக்கேற்ப, கொஞ்சம் கொஞ்சமாகப் போதும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். மெதுவாக ஓடுபவர்கள் பயந்துபோய் ஒவ்வொரு பந்தலிலும் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். வயிறு உப்புசம், மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், வலிப்பு வரை போகும். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

வெறும் தண்ணீரோடு ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று எழுதியிருக்கும் பொடியைக் கேட்டு வாங்குங்கள். வண்ண வண்ண டப்பாவில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. பொடி இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள்.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லதுதான், ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஆகவே இளநீரை ஓடி முடித்த பிறகு குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோரும் அப்படித்தான், ஓட்டத்துக்குப் பிறகு அதற்கு ஈடு இல்லை. ஓடும்போது மோர் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். பயிற்சியில் குடித்துப் பழகாத எதையும் அன்றைக்குக் குடிக்காதீர்கள்.

பாதை

திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலை வேண்டாம். இருட்டில் லாரியும் பேருந்தும் போகும் வேகத்தில் ஒதுங்க இடமிருக்காது. நீளமாக ஒரே பக்கம் போகும் பாதையும் வேண்டாம். மயங்கி விழுபவர் தண்ணீரிலிருந்தும் ஐஸிலிருந்தும் 8 கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் என்ன செய்வது?

சுமார் ஐந்தே கால் கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு சுற்று ஓடுவதுதான் சிறந்தது. எல்லோரும் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடப்பார்கள். யார் முகம் வெளுத்திருக்கிறது, யார் தள்ளாடுகிறார் என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம். நிற்க நினைப்பவருக்கும் நிற்பது சுலபம்.

இதற்குக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் மாதிரி ஊர்கள் வாய்ப்பானவை. அகலமான, நேரான தெருக்கள். உயர்ந்த சுவர்கள். வடக்கு தெற்காகப் போகும் தெருவில் காலை வெயில் ஏறிய பிறகும் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நல்ல நிழல் விழும். கடைசிச் சுற்றில் அந்தப் பக்கமாகவே ஓடச் சொல்லுங்கள். ஊருக்கு வெளியே போகும் பகுதியில் புளியமரச் சாலை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். சீமைக்கருவேலம் மட்டும் இருக்கும் சாலையில் பொட்டு நிழல் கிடைக்காது. செம்மண் தடம் காலுக்கு மெத்தென்று இருந்தாலும் மேலே உதிரிச் சரளை கிடந்தால் இருட்டில் கணுக்கால் பிசகும்.

தெருநாய்கள் நிஜமான சிக்கல். துரத்தினால் ஓடாதீர்கள், நின்று நடந்து கடந்துவிடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. பாதையில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் முந்தின வாரமே போய்ச் சொல்லி வையுங்கள். “ஆச்சி, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் இந்தப் பக்கம் ஓடுவோம், கொஞ்சம் வாசல் லைட்டைப் போட்டு வைக்க முடியுமா?” என்று கேட்டால் லைட்டும் கிடைக்கும், சொம்பில் தண்ணீரும் கிடைக்கும். காவல் நிலையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் தேதி, நேரம், பாதை எழுதிக் கடிதம் கொடுங்கள்.

ஆட்களும் ஐஸும்

பதினைந்து பேர் ஓடினால் ஆறு பேராவது ஓடாமல் இருக்க வேண்டும். தண்ணீருக்கு இரண்டு பேர், சைக்கிளில் சுற்றிவர இரண்டு பேர், காருடன் ஒருவர், எல்லாப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு ஒருவர். இந்தக் கடைசி ஆளுக்கு முகதாட்சண்யம் கூடாது. அவர் ‘உட்காருங்க’ என்றால் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் உட்கார வேண்டும்.

20 லிட்டர் கேன் நான்கு: இரண்டில் குடிதண்ணீர், ஒன்றில் ஓஆர்எஸ், ஒன்று தலையிலும் கழுத்திலும் ஊற்ற. குவளை எவர்சில்வரில் வையுங்கள், தெரு குப்பையாகாது. ஐஸ் ஃபேக்டரியில் ஐம்பது, அறுபது கிலோ கட்டி ஐஸ் சொல்லிவையுங்கள். முந்தின இரவே எடுத்து, உமியிலோ சாக்கிலோ மூடி வைக்கலாம். இது உடம்பைக் குளிர்விக்க மட்டும், குடிக்க அல்ல. அதோடு களத்தில் நெல் காயப்போடும் தார்ப்பாய் ஒன்று, கிழியாததாக. எதற்கென்று கீழே சொல்கிறேன்.

உடை, செருப்பு, சாப்பாடு

லேசான பாலியெஸ்டர் பனியன், வெளிர் நிறம். பருத்தி நனைந்தால் கனத்துத் தோலை அறுக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பு, பட்டை உரசும் இடங்களில் வாசலின் தாராளமாக. ஷூ அரை சைஸ் பெரிதாக, குறைந்தது இரண்டு மாதம் ஓடிப் பழகியதாக. இருட்டில் மினுங்கும் பட்டை, சின்ன டார்ச்.

முந்தின நாள் கறிக்குழம்பும் உப்புக்கறியும் வேண்டாம், நம் ஊர்க் காரம் மறுநாள் காலை ஓடும்போது வயிற்றைக் கலக்கும். மதியம் சாதம், இரவு ஏழரைக்குள் இட்லியோ இடியாப்பமோ. மூன்று மணிக்கு எழுந்து இரண்டு இட்லி அல்லது வாழைப்பழம், ஒரு டம்ளர் ஓஆர்எஸ். இவ்வளவுதான்.

ஓட்டத்தன்று

குளிர்காலத்தில் உங்கள் நேரம் இரண்டே கால் மணி என்றால் இன்றைக்கு இரண்டரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கட்டும். ஐஸில் ஊறிய துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒவ்வொரு சுற்றிலும் பந்தலில் நின்று, நடந்துகொண்டே குடித்து, கழுத்துத் துண்டை நனைத்து மாற்றுங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பேரீச்சம்பழமோ கடலை மிட்டாய்த் துண்டோ. வலி மாத்திரை, முக்கியமாக இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை, ஓட்டத்துக்கு முன்னாலும் இடையிலும் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

மூன்றாம் சுற்று முடிவில் ஓடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கும்படி பந்தலில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்: ‘இப்போ எத்தனாவது சுற்று, உன் கூட யார் ஓடினது?’ பதில் தடுமாறினால் அவர் ஓட்டம் அங்கேயே முடிந்தது.

வெப்பத் தாக்கு வந்தால்

தலைசுற்றல், குமட்டல், சோர்வு, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ஈரத்துணி போட்டு, மெதுவாக ஓஆர்எஸ் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறுவார்.

பேச்சு குளறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், தள்ளாடுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. உள்ளே சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்கும் என்று சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஓடும்போது வருவதில் உடம்பு வியர்த்துக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். அக்குள் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். பாராசிட்டமால் பயன்படாது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு ஆஸ்பத்திரி. இந்த வரிசை மாறக் கூடாது. தார்ப்பாயை விரித்து அதன் நடுவில் அவரைப் படுக்க வைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தொட்டில் போலத் தூக்கிப் பிடியுங்கள். ஐஸ் தண்ணீரை ஊற்றி, உடைத்த ஐஸைப் போட்டு, உடம்பு முழுக்கப் படும்படி அலையுங்கள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, ஒருவர் கையில். பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால் அக்குளுக்குக் கீழே துண்டைக் கொடுத்துப் பிடித்துக் கழுத்துவரை இறக்கலாம். அரை மணி நேரத்துக்குள் சூடு 39-க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நடுக்கம் வந்து, தெளிவாகப் பேசத் தொடங்கினால் வெளியே எடுத்து, அப்போதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இதை ஓட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வெறும் தண்ணீரில், ஒருவரைப் படுக்க வைத்து. எந்த ஓரத்தை யார் பிடிப்பது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முடிந்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள். நிழல், நீர்மோர், இளநீர், உப்புப் போட்ட கஞ்சி. இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் போக வேண்டும். போகவே இல்லை, அல்லது கோலா நிறத்தில் போகிறது என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதாக இருக்கலாம். மூன்று நாள் ஓட வேண்டாம்.

அடுத்த வாரத்துக்குள் கணக்கு போக வேண்டும். மொய் நோட்டு எழுதுகிற மாதிரி ஊர், பெயர், தொகை. பெயர் வேண்டாம் என்றவர்களை ‘அன்பர்’ என்று போடுங்கள். அறக்கட்டளையிடம் மொத்த வரவுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். பாதியில் நின்றவர்கள் பெயரையும் முடித்தவர்கள் பெயரோடு ஒரே வரிசையில் எழுதுங்கள், எத்தனை கிலோமீட்டர் என்று பிரிக்காமல். வேலை தொடங்கியதும் ஒரு படம், முடிந்ததும் பில்லோடு ஒரு படம். பணம் மிஞ்சினால் அதை என்ன செய்வது என்று கொடுத்தவர்களைக் கேட்டுவிட்டு, அதே பள்ளிக்கு மோட்டாரோ தண்ணீர்த் தொட்டியோ வாங்கிக் கொடுங்கள்.